முதுகுக்குப் பின்னால் காட்டிய விரல்கள்

"சுக்குப், ஆன்ட்டி?" என்று அந்த மலாய் நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்துக் கேட்டாள். போதுமா என்று கேட்கிறாள். கையில் தண்ணீர் ஏற்றிய பெரிய ஊசி. கட்டிலில் படுத்திருந்த என் மகளும் முகத்தைத் திருப்பி என்னைத்தான் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, செவத்துல என்ன இருக்கு? என்னைப் பாருங்க. முன்ன இப்படித்தான் இருந்துச்சா, இல்ல இன்னும் கொஞ்சம் வேணுமா?"

முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள்.

மகளுக்கு நாற்பத்திரண்டு வயது. செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் அப்பா போன பிறகு, மெர்லிமாவில் தாமான் குடியிருப்பு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு முதலில் மாரில் இடது பக்கம் கட்டி வந்தது. பிறகு வலது பக்கமும் இருக்கிறது என்றார்கள். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. எல்லாம் ஓய்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, எடுத்த இடத்தில் வேறு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இவள் உடனே சரி என்றுவிட்டாள்.

"எதுக்கும்மா இன்னொரு வெட்டு? உசுரு தப்பிச்சதே, அது போதாதா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் காட்டறதுக்கு இல்லம்மா. குளிக்கையில கை சோப்பு போட்டுக்கிட்டே வருது, நடுவுல சட்டுனு பலகைய தொட்ட மாதிரி இருக்கு. யாரோ வேற ஆள குளிப்பாட்டுறேன்னு தோணுது. பெருசும் வேணாம், சிறுசும் வேணாம். என்னோடது எப்படி இருந்துச்சோ அப்படி வேணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதை என்னிடம் கேட்டதுதான் சரியில்லை.

உடனே வைத்துவிட முடியாதாம். தோல் போதாது. அதனால் முதலில் வெறும் பை ஒன்றை ஒவ்வொரு பக்கமும் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலாக்கா டவுனுக்குப் பஸ் ஏறிப் போவோம். ஊசியால் உப்புத் தண்ணீரை அந்தப் பைக்குள் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல விரியும். போதும் என்கிற அளவு வந்ததும் பையை எடுத்துவிட்டு, கடைசிவரைக்கும் இருக்கிற சிலிக்கனை வைப்பார்கள்.

டாக்டரம்மா நம் தமிழ்ப் பெண்தான். மகளின் நெஞ்சு அகலத்தை அளந்து, மூன்று அளவு அவள் உடம்புக்குப் பொருந்தும் என்றார். அதற்கு மேல் போனால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நிற்கும், தோளும் முதுகும் வலிக்கும், பிற்பாடு தோலும் தாங்காது என்றார். மூன்றையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். நடுவில் இருந்ததை என் கையிலும் கொடுத்தார். அது ஈரமில்லாமலே சில்லென்று இருந்தது. சட்டென்று மகளிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"இதுல எது நல்லது, டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"மூனுமே நல்லதுதான். நீங்க எப்படி இருக்கணும்னு நெனைக்கிறீங்களோ, அத நான் சொல்ல முடியாது."

அளவெல்லாம் ஏதோ எண்ணில் போட்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் அரிசி அளக்கிற பால் டின்னை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள்.

"இங்க பாருங்க. சின்னது இவ்வளவு. நடு, விளிம்புக்கு ஒரு வெரலு கீழ. பெருசுன்னா தளும்பத் தளும்ப." டின்னைக் கையில் வைத்து ஏந்திப் பார்த்தாள். "பாத்தா ஒன்னுமே இல்லலா. ஒடம்புல போய் ஒக்காந்தா வேற ஆளு."

மறுநாள் உலை வைக்கும்போது அந்த டின்னை அரிசிக்குள் விட எனக்குக் கை வரவில்லை. காப்பிக் குவளையால் அளந்தேன். அன்றைக்குச் சோறு அதிகமாகிவிட்டது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவள். பிறகு கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டப் போனேன். லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் சாரோங்கை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்துத்தான் பழக்கம். என் உடம்பையே நான் முழுதாகப் பார்த்தது கிடையாது. மகள் பன்னிரண்டு வயதில் பெரியவளானாள். அதுவரை நான்தான் தலை தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலிருந்து வெளியே நின்றுகொண்டேன். பால் நிறுக்கிற கொட்டகைப் பக்கம் அவள் நடந்தால் ஆம்பிளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் பின்னாலேயே போய், தோளைக் குறுக்கு, ஷாலை இழுத்துவிடு, வாளியை முன்னால் பிடி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளுக்கு விழுந்த லேசான கூன் என் வாயால் விழுந்தது.

அப்படி மறைக்கச் சொன்னவளிடம்தான் இப்போது, எப்படி இருந்தது என்று கேட்கிறாள்.

மிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்த அன்று டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "பழைய பாடி ஒன்னு எடுத்துட்டு வாங்க. இல்ல, ஒங்களுக்குச் சரியா இருந்த ரவிக்கை. கிட்டத்தட்ட கணக்குப் பண்ணிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் மகள் நேராக அலமாரிக்குப் போனாள். நான் குசினியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த இழுப்பறை. அதற்கடுத்தது.

"அம்மா, என் பாடியெல்லாம் எங்க?"

நான் நெத்திலியைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவள் ஆப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலமாரியைத் திறந்தால் எல்லாம் மடித்தபடி வரிசையாக இருந்தன. திரும்பி வந்து இதைப் பார்த்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளிப்போட்டுக் குப்பை லாரிக்கு வைத்துவிட்டேன். ரவிக்கைகளையும் சேர்த்துத்தான்.

சொன்னேன்.

"ஒன்னுகூடவா விட்டு வைக்கல? கைக்குக் கெடச்சத வாங்கிப் போட்டவ நான், சைசுகூட நெனவில்ல."

"ஒன்னுகூட இல்லம்மா."

"அந்த மெரூன் பட்டு ரவிக்கை?"

"அதும்தான்."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, நெத்திலியை எடுத்து அவளும் தலை கிள்ளினாள். பிறகு கையைத் துடைத்துவிட்டுப் போனைத் திறந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இது கோயில். ஷாலு. இது கல்யாணம். தாம்பாளத்துக்குப் பின்னால நிக்கிறேன். இது யாரு புள்ளயோ, அதத் தூக்கி முன்னால வச்சிருக்கேன். இது பேக்டரி டின்னர். சாப்பாட்டுத் தட்ட எப்படிப் புடிச்சிருக்கேன் பாருங்க, திருடிட்டு வந்தவ மாதிரி." சிரித்தாள். "நாப்பது வருசமா ஒரு படத்துலகூட நான் இல்லம்மா."

எனக்கு அப்போதுதான் தையல்காரியின் நினைவு வந்தது. மகளுக்குப் பதினைந்து வயதிலிருந்து மெர்லிமாவ் கடை வரிசையில் இருக்கிற அந்தத் தையல்காரிதான் எல்லா ரவிக்கையும் தைத்தவள். அளவெல்லாம் நோட்டில் எழுதி வைப்பாள். நான் செய்த தப்பை நானே சரிக்கட்டிவிடலாம் என்று மறுநாள் காலையில் தனியாகப் போனேன்.

"வாங்கக்கா! தீவாளிக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு, இப்பவே வந்துட்டீங்க?" என்றாள்.

உள்ளே ஒருத்தி ஜிப் மாற்ற வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் போகும்வரை நான் தொங்கவிட்டிருந்த லேஸ்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். நோட்டை எடுத்தாள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினாள்.

"இந்தா, கெடச்சிருச்சு. மார்பு முப்பத்தெட்டு. கடைசியா அந்த மெரூன் பட்டுக்கு எடுத்தது." நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

எனக்கு உயிர் வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"அக்கா, இருங்க. அதுல ஒங்க லூசும் சேந்திருக்கு, தெரியும்ல?"

"என்ன லூசு?"

"மறந்துட்டீங்களா? பாப்பா கண்ணாடியப் பாத்துக் கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். நீங்க அது முதுகுக்குப் பின்னால நின்னு எனக்கு வெரலக் காட்டுவீங்க. ரெண்டு, மூனு, நாலு. நான் அவ்வளவு இஞ்சு சேத்து எழுதிக்குவேன். அது பாவம், எனக்கு அளவெடுக்கவே தெரியலன்னு என்னையப் போட்டுத் திட்டும். ரவிக்கையா தைக்கச் சொன்னேன், கூடாரமா தைக்கச் சொன்னேனான்னு கேக்கும்."

"கடைசி தடவ எத்தன வெரலு காட்டுனேன்?"

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? வெரலு ஒங்களோடதுதானே."

என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நினைவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவளைப் பார்த்துக் காட்டவில்லை, பயத்தைப் பார்த்துக் காட்டினேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். மகள் தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"முப்பத்தெட்டா? நானா?" கண்ணாடி முன்னால் போய் நின்றாள். "நீங்க எப்பப் பாத்தாலும் குறுக்கு, குறுக்குன்னு சொல்லிச் சொல்லி, எனக்கு ஒன்னுமே இல்லன்னுல நெனச்சிக்கிட்டு இருந்தேன்." தோளை நிமிர்த்தினாள். நோய் வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரமும் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டேப்பைச் சுற்றிப் பார்த்தார். தாளில் இருந்த எண்ணுக்கு இன்னும் நிறைய வேண்டும். "பெரிய அளவுகிட்ட வந்துருவீங்க. பரவால்லையா?" என்று கேட்டார்.

"அதுதானே டாக்டர் என்னோடது," என்றாள் மகள்.

மிஸ்ஸி ஊசியை ஏற்றினாள். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு வந்தது. மகள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அப்படியும் நிறுத்தச் சொல்லவில்லை. மிஸ்ஸி அடுத்த பக்கத்துக்கு ஊசியை எடுத்தாள். நான் அன்றைக்குச் சுவரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து என்ன? எனக்குத் தெரிந்தது வலி மட்டும்தான்.

"அது பொய் அளவு," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தையல்கடை, கண்ணாடி, முதுகு, விரல் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். எத்தனை விரல் என்று தெரியாது என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா பதறவில்லை. ஏற்றிய தண்ணீரைத் திரும்ப எடுத்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். மகள் மேல்கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அம்மா, நீங்க வெளியில போய் ஒக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, சொல் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு தண்ணீரை எடுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், அவள் என்ன சொல்லி எதைத் தேர்ந்தெடுத்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். மெர்லிமாவ் நெருங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பாவம் அந்தத் தையல்கார ஆன்ட்டி. எத்தன வருசம் திட்டியிருக்கேன்."

அடுத்த ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆற மாதங்கள் ஆயின. இந்தத் தீபாவளிக்குப் புது ரவிக்கை தைக்க வேண்டும், நீங்களும் வாங்க என்று அவளே என்னைக் கூப்பிட்டாள். எதற்குக் கூப்பிட்டாள் என்று தெரியாமலே அவள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

தையல்காரி அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். மகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் எப்போதும் நிற்கிற இடத்தில், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தையல்காரி டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் தலையைச் சாய்த்து மகளின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

என் கைகள் இரண்டும் கைப்பையின் காதைப் பிடித்திருந்தன. கண்ணாடியில் மகள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க ஆன்ட்டி," என்றாள். "டேப்புல இருக்குறத எழுதுங்க."

தையல்காரி குனிந்து எழுதினாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளுடைய பழைய அளவு அதுதானா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்டால் அவள் அதையே திருப்பி என்னைத்தான் கேட்பாள்.