மலை இறக்கத்தில் அம்மனும் ஹேண்ட் பிரேக்கும்

மாரியம்மன் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு நேரில் வந்து, என் வேனின் பம்பரைப் பிடித்து நிறுத்தினாள் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு டீக்கடை பாக்கி இல்லாமல் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பஜனையில் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே சொன்னேன். தாய்மார்கள் வந்து பம்பருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். நான் பக்கத்தில் பூசாரி மாதிரி நின்று திருநீறு கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பம்பர் மேல் இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதம். நான் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பீன்யாவில் சுவிட்ச் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் ஐந்து பேர், எல்லாரும் இருபதைத் தாண்டிய இளசுகள், ஓசூர்ப் பக்கம் ஒரு மலைக்கோயிலுக்குப் போக வண்டி கேட்டார்கள். ஐந்து பேருக்கும் உடம்பில் ஏதோ ஒன்று வேறு மாதிரி. கலைவாணிக்குச் சின்ன வயதில் போலியோ. இரண்டு காலிலும் கேலிப்பர் என்ற இரும்புப் பட்டை மாட்டி, கட்டை ஊன்றி நடப்பாள். சேகருக்குப் பிறவியிலேயே இடது கை முழங்கையோடு சரி.

கலைவாணி முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றாள்.

"பின்னாடி பத்திரமா உக்காரும்மா."

"ஏன் வரதண்ணா, முன்னாடி உக்காந்தா கால் போயிடுமா? அது போயி ரொம்ப நாளாச்சு. கதவத் தொறங்க."

பின்னால் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாவம் என்று நினைத்தேன். அந்தச் சொல்லைத்தான் வழியெல்லாம் மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். அவளோ சைடு வீல் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். அது எதற்கு, இது எதற்கு என்று என் வண்டியில் ஒரு கம்பியை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் ஒரு பெரிய மனிதர் வழியை அடைத்து நின்றுகொண்டு, "போன ஜென்மத்துப் பாவம், யாரை விட்டது" என்றார். கலைவாணி நின்று, "அப்படியா சார்? இந்த ஜென்மத்துல கொஞ்சம் நகந்து நில்லுங்க, நான் சாமி பாக்கணும்" என்றாள். எனக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. அவர் சொன்னதைத்தானே நானும் நினைத்திருந்தேன்.

தரிசனம் முடிந்து இறங்கினோம். இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சொத்தென்று தரைக்குப் போனது. திரும்ப வரவில்லை.

பெடல் இளகுகிறது என்று ஓனரிடம் அந்த வாரமே சொல்லியிருந்தேன். "இந்த டிரிப்ப அடிச்சிட்டு வா, பாத்துக்கலாம்" என்றான். ஆறு உயிர் அவனுக்கு ஒரு டிரிப்.

ஆனால் ஓனரை மட்டும் திட்டி நான் தப்பிக்க முடியாது. என் வீரத்தையும் கேளுங்கள். கியரைக் குறைக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்கும் இது தெரியும். இருபது வருடம் வண்டி ஓட்டிய நான் செத்துப்போன பெடலையே மிதி மிதியென்று மிதித்தேன். என் புத்தி முழுக்கக் காலுக்குள் போய்விட்டது. வேன் வேகமெடுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா தாயே, நிறுத்தும்மா!" என்று அலறிக் கையெடுத்துக் கும்பிட்டேன். கவனியுங்கள், ஸ்டீயரிங்கில் இருந்த கையைத்தான் எடுத்தேன்.

"ஸ்டீயரிங்கப் புடிங்கண்ணா!" என்று யாரோ கத்தினார்கள். குருட்டாம்போக்கில் பிடித்தேன். வண்டி திணறியது, விட்டது, மறுபடி திணறியது. மண்மேட்டில் உரசி நின்றது.

கண்ணைத் திறந்தேன். எதிரே சிவப்புச் சேலை. கை நீட்டி நிற்கும் ஒரு தாய். "கண்ணு காணல்வா?" கண் தெரியலையா என்று கன்னடத்தில் கேட்டாள். அம்மனே கேட்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடித் தப்பிய அந்த மனுஷி, பைத்தியத்தோடு நமக்கென்ன என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அம்மன் மறைந்துவிட்டாள்.

பஜனையில் நான் அழுததன் பலன் இதுதான். கலைவாணியின் அப்பா அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரிட்டயர்டான பஸ் டிரைவர். நேராக வீட்டுக்குப் போய், "தெய்வமே எறங்கி வந்து எச்சரிச்சிருக்கு. இனிமே நீ வெளிய போகவேணாம்" என்று அவள் ஸ்கூட்டர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு அவள் வேலைக்குப் போவது நின்றது.

சேகரோடு ஆட்டோவில் வந்து, என் வீட்டுப் படியை ஒவ்வொன்றாக ஏறி, மூச்சு வாங்க நின்றாள்.

"வரதண்ணா, ஒரு சந்தேகம். அம்மன் எந்தக் கையால புடிச்சா?"

"ரெண்டு கையாலயும்தாம்மா."

"அப்ப இது என்னா?"

உள்ளங்கையை விரித்தாள். தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கம்பி இருந்திச்சே, ஞாபகம் இருக்கா? ஹேண்ட் பிரேக். எனக்குக் கால் பிரேக் எப்பவும் கெடையாது. எல்லாம் கைதான். நீங்க கும்புட்டுக்கிட்டு இருந்தீங்க, நான் இழுத்தேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

சேகர் சிரித்தான். "கத்திக் கத்திச் சொன்னோம், அது புல்லுக்கட்டுக்காரம்மான்னும் சொன்னோம். நீங்க ரோட்ட வுட்டு எந்திரிச்சாத்தானே!"

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வேலை உருப்படியா செஞ்சேன். அதையும் புடுங்கி பம்பருக்குக் குடுத்துட்டீங்க. இப்ப வண்டியும் போச்சு."

அவள் போன பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

அடுத்த வெள்ளிக்கிழமை, கலைவாணியும் அப்பாவோடு வந்து உட்கார்ந்திருந்த பஜனையில், மைக்கை மறுபடி வாங்கினேன். நடந்ததைச் சொன்னேன். பஜனைத் தலைவர் குறுக்கே எழுந்தார். "வரதா, போதும். தெய்வக் குத்தம் ஆயிடும்."

"குத்தம் போன வாரமே ஆயிடுச்சுங்க! நிறுத்துன பொண்ண வுட்டுட்டு, புல்லுக்கட்டுக்காரம்மாவுக்கு சூடம் காட்டிட்டோம். அவ நடக்கறதப் பாத்தோமே, அவ செஞ்சதப் பாத்தமா?"

அம்மன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் கூப்பிடும் முன்பே, வேண்டாம் வேண்டாம் என்று நான் தடுத்தும், எனக்கு வேண்டிய ஆளை என் பக்கத்து சீட்டில் அவள் உட்கார வைத்துவிட்டாள். இதைவிடப் பெரிய பதில் எந்த வேண்டுதலுக்குக் கிடைக்கும்? நான்தான் அதைப் பாவம் என்று பெயர் வைத்துப் பின் சீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்.

கலைவாணியின் அப்பா எழுந்து மகளைப் பார்த்தார். டிரைவர் டிரைவராகவே கேட்டார். "ஒரேயடியா இழுத்தியா?"

"இல்லப்பா. ஒரேயடியா இழுத்தா பின்சக்கரம் சறுக்கும். இழுத்து, விட்டு, இழுத்து."

அவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

அந்த ஓனரின் வண்டியை நான் விட்டுவிட்டேன். இப்போது ஓட்டும் வண்டியில் கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் பார்க்காமல் நகர மாட்டேன். யாராவது "பாவம்" என்றால் சண்டைக்குப் போகிறேன். என் பெண்டாட்டி என்னை இப்போதெல்லாம் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப் போகப் பயப்படுகிறாள். உங்களுக்கும் ஒரு நாள் பெடல் தரைக்குப் போகும். அம்மனைக் கூப்பிடுங்கள், வயிறு எரியக் கூப்பிடுங்கள், வருவாள். கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை கலைவாணி தன் ஸ்கூட்டரில் பீன்யாவுக்கு வேலைக்குப் போனாள்.