கேம்பரின் கூரையில் பதினான்கு அங்குலம்

காலை 5.40. அபுதாபி முஸஃபாவில் எங்கள் கட்டடத்தின் முன்னால் வண்டியைக் கிளப்பியபோது அதன் வெப்பமானி 34 காட்டியது. சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. ஜூன் கடைசி வாரம், சனிக்கிழமை. போக வேண்டிய இடம் ஷார்ஜா தொழிற்பேட்டை. தூரம் 165 கிலோமீட்டர்.

கேம்பரைப் பார்த்திராதவர்களுக்கு: பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக் கட்டிய ஒரு பெட்டி வீடு அது. இரண்டு பேர் படுக்கலாம். ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, கையகல ஜன்னல்கள். ஊர் திரும்பிய வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரிடம் வண்டியும் பெட்டியுமாக 38,000 திர்ஹாமுக்கு வாங்கினோம். அமெரிக்காவில் செய்த பெட்டி. கூரையில் ஒரு சிறிய காற்றாடி மட்டும் உண்டு, ஏசி கிடையாது. மகள் சஹானா செப்டம்பரில் கல்லூரிக்குப் போகிறாள். அதற்குள் நாங்கள் இருவரும் அவள் அப்பா வேலை பார்க்கும் சவூதியின் அல் கோபாருக்குச் சாலை வழியே போய் வருவது என்று திட்டம்.

திட்டம் இரண்டு வாரங்களுக்கு முன் திப்பா கடற்கரையில் நின்றுபோனது. மதியம், சஹானா கேம்பருக்குள் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐஸும் தண்ணீரும் வாங்கக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது, அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஏதோ உளறினாள். மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து சலைன் ஏற்றி அனுப்பினார்கள். அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்ப்பாள் படுக்கையிலிருந்து கையெட்டும் தூரம். ஏன் திறந்துகொண்டு வெளியே வரவில்லை? எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான்: "தெரியலம்மா. தூக்கமா வந்துச்சு." என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய பயணத்துக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கூரையில் ஏசி சரியாகப் பொருந்தினால் அல் கோபார். இல்லையென்றால் திங்கட்கிழமை கேம்பரை விற்றுவிடுவேன். வாங்க ஆள் தயாராக இருந்தார்.

ஷார்ஜாவில் நான்கு பட்டறைகளுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தேன். மூன்று இடங்களில் நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "மாஃபி முஷ்கில்." பிரச்சினையே இல்லை. கூரை தாங்குமா? மாஃபி முஷ்கில். ஜெனரேட்டரைப் பெட்டிக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாமா? மாஃபி முஷ்கில். நான்காவது ஆள் நான் கேட்டு முடிக்கும்வரை பொறுத்து, "முஷ்கில் இருக்கு அக்கா. நேர வாங்கோ, எத்தினை இருக்கெண்டு பாத்துச் சொல்றன்" என்றார். யாழ்ப்பாணத் தமிழ். அவரிடமே போவதென்று முடிவு செய்தேன்.

7.50. துபாய் நகரத்துக்குள் நுழையாமல் எமிரேட்ஸ் சாலையிலேயே வந்து சேர்ந்தோம். அந்தத் தெருவில் ஒவ்வொரு கடையும் வண்டியின் ஓர் உறுப்புக்கு என்று இருந்தது. ஒன்றில் ரேடியேட்டர்கள் மட்டும், அடுத்ததில் இருக்கைகள் மட்டும், அதற்கடுத்ததில் சுவர் முழுக்கக் கண்ணாடிகள். சஹானா ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இது வண்டிங்களோட ஆஸ்பத்திரி இல்ல, மார்ச்சுவரி."

பட்டறைக்காரர் பெயர் யோகன். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. வந்தவுடன் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். அளவுநாடாவை எடுக்கவில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், முன்னிருந்து பின்னாக, டொக், டொக் என்று. காற்றாடியின் இடப்பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. ஈர அட்டையைத் தட்டியதுபோல் இருந்தது.

"கேட்டதே? மழைத்தண்ணி உள்ளுக்க இறங்கி மரச்சட்டம் இளகிப் போச்சு. ஏசி முப்பத்தெட்டுக் கிலோ. இதில வச்சால், ரெண்டாம் நாள் உங்கட மடியில இருக்கும்."

திங்கட்கிழமை விற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். இருந்தாலும், இரண்டு வாரத்தில் முதல் முறையாக ஒருவர் எனக்குப் பதிலாகப் பயப்படுகிறார் என்பது ஆறுதலாகவும் இருந்தது.

"அப்போ முடியாதா?" என்றேன்.

"ஏலாதெண்டு சொல்லேல்லையே. இளகினதை வெட்டி எடுத்து, அலுமினியச் சட்டம் வச்சு, அதுக்கு மேல வைப்பம். நாலு மணியாகும். எத்தினை டன் வேணும்?"

வளைகுடாவில் இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் உண்டு. எங்கள் படுக்கையறையில் இருப்பது ஒன்றரை டன். அதையே சொன்னேன்.

யோகன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, இது அறை இல்லை, அலுமாரி. ஒரு டன் காணும்." போதும் என்று பொருள்.

"ஒரு டன்" என்பது மட்டும் காதில் விழுந்த வெல்டர், பெஷாவர்க்காரரான கான் பாய், முகமூடியைத் தூக்கிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஏக் டன்? ஊப்பர்?" ஆயிரம் கிலோவை மேலே ஏற்றப்போகிறோம் என்று நினைத்துவிட்டார். எடையில்லை, குளிர் என்று யோகன் இந்தியில் விளக்கினார். "குளிரைக்கூட எடை போடுவாங்களா பாய்?" என்று சஹானாவும் தன் பள்ளிக்கூட இந்தியில் கேட்டுவைக்க, கான் பாய் சிரித்ததில் தொப்பி விழுந்தது.

9.15. காற்றாடியைக் கழற்றினார்கள். கூரையில் ஒரு சதுரத் துளை, பக்கத்துக்குப் பதினான்கு அங்குலம். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் காற்றாடிக்கு விடுகிற துளையும் கூரை ஏசிக்கு வேண்டிய துளையும் ஒரே அளவுதான் என்று யோகன் சொன்னார். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்தவர்கள், இந்தக் காற்றாடி ஒருநாள் போதாது என்று முன்பே நினைத்திருக்கிறார்கள். அது எனக்கு வியப்பாக இருந்தது. நான் அப்படி நினைக்கவில்லையே. சஹானா படுக்கைமேல் ஏறி அந்தத் துளை வழியாகத் தலையை நீட்டி, "கேப்டன் ஸ்பீக்கிங்" என்றாள். "இறங்குடி" என்று கத்தினேன். மூன்று கடை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏசி 3,200, ஜெனரேட்டர் 2,400, சட்டமும் கூலியும் சேர்த்து 900 திர்ஹாம். பெட்டியிலிருந்த அமெரிக்க மின்கம்பி 110 வோல்ட்டுக்கானது என்பதால், ஏசிக்கு மட்டும் 230 வோல்ட்டில் தனிக் கம்பி இழுத்தார்கள். ஜெனரேட்டரைப் பின்னால் மாட்டச் சொன்னேன். யோகன் கையிலிருந்த திருகாணிமுடுக்கியைக் கீழே வைத்தார்.

"அதுக்குள்ள ஆர் படுக்கிறது?"

"நானும் இவளும்."

"எண்டால் மாட்ட மாட்டன். புகையில இருக்கிற நச்சுக்காத்து உள்ளுக்க வந்தால் மணமும் தெரியாது, இருமலும் வராது. பிள்ளை நித்திரை எண்டுதான் நினைப்பியள். இருபதடி கேபிள் தாறன். காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தள்ளி வையுங்கோ. உள்ளுக்க ஒரு அலாரமும் பூட்டி விடுறன்."

நித்திரை என்ற சொல் என்னை உலுக்கியது. பின்னால் மாட்ட வேண்டாம் என்றேன்.

12.30. நான்கு பேர் சேர்ந்து ஏசியைத் தூக்கிச் சட்டத்தின் மேல் உட்காரவைத்தபோது நேரம் முடிந்துவிட்டது. கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை திறந்த வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். கான் பாய் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, கொட்டகை நிழலில் உடனே தூங்கிப்போனார்.

"இப்ப வெயிலுக்கு டியூட்டி. எங்களுக்கு லீவு" என்றார் யோகன். பரோட்டாவும் பருப்புக்கறியும் வாங்கிவந்து பகிர்ந்துகொண்டோம். "அக்கா ஏன் இவ்வளவு பயப்படுறியள்?" என்று அவர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் சஹானா சொல்லிவிட்டாள்.

"நான் வண்டிக்குள்ள மயங்கிட்டேன், அங்கிள். அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. அதுலேருந்து நான் பாத்ரூம் போனாக்கூடக் கதவைத் தட்டறாங்க."

"எத்தினை மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்."

யோகன் கான் பாயைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் கான் பாய் சட்டப்படி தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு வருடம் அபுதாபியில் இருக்கிறேன். இந்தச் சட்டம் எனக்கும் தெரியும். அது கட்டடத் தொழிலாளர்களுக்கானது என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவள் நான்.

3.00. மிச்ச வேலை உள்ளேயிருந்து நடந்தது. ஏசிக்கும் கூரைக்கும் நடுவே தடிமனான ரப்பர் வளையம். நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் அது அமுங்கும். முழுக்க அமுங்கும்வரை முடுக்கினால் பிளந்து தண்ணீர் இறங்குமாம், தளர விட்டாலும் இறங்குமாம். அரை அங்குலம் மிஞ்ச வேண்டும். யோகன் மூலைக்கு மூலை மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினார். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அரை அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.15. வண்டியை வெயிலில் நிறுத்திச் சோதித்தோம். வெளியே 44, பெட்டிக்குள் 48. ஒருவர் உள்ளே படுத்துச் சத்தமும் காற்றும் பார்க்க வேண்டும் என்றார் யோகன். சஹானா படியில் கால் வைத்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அப்போ நீ போ. நான் வெளிய நிக்கறேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி தட்டுவேன், நீ திருப்பித் தட்டணும். தட்டலைன்னா கதவைப் பேத்துருவேன்."

"முதல் ஐஞ்சு நிமிசம் ஏசி இல்லாமல் இருந்து பாக்கிறன்" என்றேன். பேச்சுவாக்கில் அவர் தமிழ் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. யோகன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்தினார்.

அவள் படுத்திருந்த இடத்தில் படுத்தேன். மூச்சு முட்டும், உடம்பு எரியும், துடித்து எழுவேன் என்று எதிர்பார்த்தேன். முதலில் வியர்த்தது. பிறகு கைகால்கள் கனத்தன. வலி இல்லை, பயமும் இல்லை. தாழ்ப்பாள் கண்ணெதிரே இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய வேலையோ என்பதுபோல் இருந்தது. இமைகள் தாமாக இறங்கின. தூக்கம்தான் வந்தது.

டொக், டொக்.

கையைத் தூக்கிச் சுவரில் தட்டினேன். தூக்குவதற்குக் கொஞ்சம் நேரமானது.

"அம்மா! லேட்!"

இன்னொரு முறை தட்டினாள், தட்டினேன். பிறகு தலைக்கு மேலே ஓர் உறுமல், பெட்டி முழுவதும் அதிர்ந்தது, முகத்தில் காற்று. அரைமணியில் 30. "வெளியில இந்த வெயில் நிக்கிற வரைக்கும் இருபத்தினாலு வருமெண்டு சொல்ல மாட்டன்" என்று யோகன் கதவைத் திறந்தபடி சொன்னார். "சூரியன் இறங்கினால் வரும்."

முப்பது போதும் என்றேன். வெளியே சஹானா முட்டிகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். தகரம் சுட்டிருந்தது.

"நீ சொன்னது நிஜம்தாண்டி. தூக்கம்தான் வருது."

"அதைத்தானே ரெண்டு வாரமா சொல்றேன்" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. இந்த இரண்டு வாரத்தில் அவள் அழுவதை அப்போதுதான் பார்த்தேன், மருத்துவமனையில்கூட அழவில்லை.

5.40. புறப்படும்போது யோகன் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டியை ஒட்டினார்: உயரம் 3.25 மீட்டர். "பெற்றோல் செட் கூரைக்குக் கீழ போக முன்னம் இதைப் பாருங்கோ. மறந்தால் திரும்பவும் என்னட்டத்தான் வருவியள்." முஸஃபாவில் எங்கள் நிழற்கொட்டகைக்குள் வண்டி இனி நுழையாது என்பது அப்போதுதான் உறைத்தது. கவலைப்பட ஒரு புதிய எண். ஆனால் மீட்டரில் அளக்கக்கூடிய கவலை.

முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் கண்ணாடி முழுவதும் தண்ணீர் கொட்டியது. நான் அலறினேன். ஏசி கூரையில் சேர்த்துவைத்த தண்ணீர். ஷார்ஜாவில், ஜூனில், எங்கள் வண்டிக்கு மட்டும் மழை. சஹானா சிரித்துக்கொண்டே கை நீட்டி வைப்பரைப் போட்டாள். "அல் கோபார் வரைக்கும் இப்படியே பெய்யுமா?" என்றாள். "பெய்யட்டும்" என்றேன். திங்கட்கிழமை பற்றி இருவரும் பேசவில்லை.

எமிரேட்ஸ் சாலையில் ஏறியதும் அவள் பக்கத்து இருக்கையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். இருபது கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஸ்டியரிங்கில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே அவள் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.