அம்மாவுக்குக் கட்டிய வாடகை

வரிக் கணக்கு எழுதுகிறவனைத் தேடி ஜனங்கள் வருவது இரண்டு சமயத்தில்தான்: வரி வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு, வரியே இல்லையாம் என்று டிவியில் கேட்ட அன்றைக்கு. சம்பளத்தில் பிடித்ததைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நம்ம இனத்தாருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதக் காய்ச்சல்

பிப்ரவரி வரைக்கும் என் ஆபீஸில் ஈ ஆடாது. மார்ச் பிறந்துவிட்டால் போதும், திண்டுக்கல்லே மாடியேறி வந்துவிடும். இன்சூரன்ஸ் ரசீது, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ், வீட்டுக் கடன் என்று எதைக் காட்டினால் வரி குறையும் என்று ஆளாளுக்குப் பையைக் கவிழ்ப்பார்கள்.

பேகம்பூரில் கடை வைத்திருக்கும் பாய் ஒருத்தர் கல்யாண மண்டப பில்லையே கொண்டுவந்துவிட்டார். அதுக்கெல்லாம் வரிக் கழிவு கிடையாது பாய் என்றேன். மனுஷனுக்கு மனசே ஆறவில்லை. "மூணு பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன் சாப், சர்க்காரு ஒரு அண்டா பிரியாணியக்கூடவா கழிக்காது?"

வீட்டுக்காரம்மா

ஆரோக்கியராஜ் பள்ளிக்கூட வாத்தியார். குடியிருப்பது அம்மா அமலோற்பவம் பேரில் இருக்கிற வீட்டில். அம்மாவிடம் ஒரு வாடகை ரசீது வாங்கிவந்து, "இதக் காட்டிக் கழிச்சு விட்டுருங்க சார்" என்றார்.

பெற்றவர்களுக்கு வாடகை கொடுக்கலாம், தீர்ப்பே இருக்கிறது. ஆனால் நெசமாவே கொடுக்கணும், வெறும் ரசீதைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள் என்றேன். வேறு வழி? அம்மா பேரில் பேங்கில் கணக்குத் திறந்து மாசாமாசம் போட்டார். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லாததால் அவருக்கும் வரித் தொல்லை இல்லை. அடுத்த ரசீதில் கையெழுத்துப் போட என் ஆபீஸுக்கே வந்த அம்மா, பேனாவை மூடிவிட்டு மகனைப் பார்த்தார். "ஏலே, வாடகைக்கு இருக்கவன் எங்கிட்ட கேக்காம சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

லட்டுப் பெட்டி

அப்புறம் வந்ததய்யா புதிய வரி முறை! வருஷ வருமானம் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லை. ஆனால் வீட்டு வாடகைக் கழிவும் இல்லை. ஆரோக்கியராஜ் லட்டுப் பெட்டியோடு படியேறி வந்தார், அம்மாவும் கூட. "இனிமே ரசீது வேணாம்ல சார்? அப்ப அம்மாவுக்கு வாடகைய நிப்பாட்டிருவோம்."

அம்மா கையிலிருந்த லட்டு வாய்க்குப் போகவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. என்னம்மா என்று கேட்டேன். நம்ம ஊர்ப் பக்கம் விசேஷ வீட்டில் மைக்கில் பேர் சொல்லித்தானே மொய் வாசிப்பார்கள்? கல்யாணமான நாளிலிருந்து அம்மா வீட்டு மொய்க்கெல்லாம் புருஷன் பேர், அவர் போனபின் மகன் பேர். வாடகை வர ஆரம்பித்த பிறகுதான் தன் பேரில் மொய் எழுதியிருக்கிறார். "எம்பேர மைக்குல சொல்லையில நிமிந்து உக்காருவேன் சார். அம்புட்டும் இன்னியோட சரியா?"

காலி பண்ணு

மறுநாள் அம்மா தனியாக வந்தார். "வாடகை குடுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுதா?" இல்லம்மா, குடுத்தா சலுகை இல்லைன்னுதான் சொல்லுது என்றேன். முகம் அப்படியே பூத்துவிட்டது. டீ சொல்லியிருந்தேன், வருகிற வரைக்கும் உட்காரவில்லை.

நேராக வீட்டுக்குப் போய் மகனிடம் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். அதை ஆரோக்கியராஜே போனில் சொல்லிச் சிரித்தார். "உனக்குச் சலுகை போனா எனக்கென்னலே? வாடகையப் போடு, இல்ல வீட்டக் காலி பண்ணு."

முதல் மொய்

சிரித்து முடித்த வாத்தியார், "நிப்பாட்டக் கேட்டது தப்புதான் சார், அம்மா மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். வாடகையைக் கொஞ்சம் கூட்டியும் போட்டுவிட்டார்.

அவர் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு நானும் போயிருந்தேன். இலை போடுமுன்னே மைக் கரகரத்தது: "முதல் மொய், அமலோற்பவம் அம்மா!" முன்வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தட்டினேன், கண்ணும் கலங்கிவிட்டது. அப்புறம் பந்தியில் கூட்டுப் பரிமாற வெஞ்சன வாளியோடு வந்த ஆரோக்கியராஜ் என் காதில் சொன்னார்: "எங்கிட்ட வாங்குன வாடகையில எனக்கே மொய் வைக்கிது சார் எங்கம்மா!"

அன்றைக்கு நான் எழுதிய மொய்க்குப் பழைய முறையிலும் கழிவு கிடையாது, புதிய முறையிலும் கிடையாது என்று தெரிந்தேதான், கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டு வந்தேன்.