வெளியூர்க் கணக்கு

அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். யார் போட்ட கணக்கையும் திரும்ப ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். பக்கத்து மேசைக்காரர்களுக்கு அவளைக் கண்டால் எரிச்சல்.

பெருந்தொற்றில் இறந்தவர்கள் இவ்வளவுதான் என்று மேலிடம் சொன்ன எண்ணை ஒருவரும் நம்பவில்லை. பரிசோதனை இல்லாமல் வீட்டிலேயே போனவர்கள் அதில் கிடையாதே! எல்லா ஊர் இடுகாட்டுப் பதிவேடுகளையும் வரவழைத்து, வழக்கமான வருடங்களைவிட எத்தனை பேரைக் கூடுதலாகப் புதைத்தார்கள் என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ணிவிடக் கூடாது என்று அவளே ஒரு விதியும் போட்டாள்: அந்தந்த இடுகாட்டில் உள்ளூர்க்காரர்களை மட்டும் எண்ணு, வெளியூர் என்றால் அடித்துவிடு.

அறிக்கை அச்சுக்குப் போகிற நாள் காலையில் அம்மா கேட்டாள். "உங்கப்பா அதுல இருக்காராடி?"

அப்பாவும் வீட்டில்தான் மூச்சுத் திணறிப் போனார். சான்றிதழில் மாரடைப்பு.

"இல்லாம எங்கம்மா போவாரு?" என்று சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. அலுவலகம் போனதும் தேடினாள். உள்ளூர்ப் பட்டியலில் அவர் இல்லை. எப்படி இருப்பார்? இங்கே இடமில்லை என்று பக்கத்து ஊருக்கல்லவா கொண்டுபோனார்கள்! அன்று இவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அம்மாதான் கூடப் போனாள்.

பக்கத்து ஊர்ப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. அதன்மேல் அவளே போட்ட சிவப்புக் கோடு. பக்கம் முழுக்க அதே கோடு. இத்தனை கெட்டிக்காரத்தனமும் சொந்த அப்பாவை அடிக்கத்தான் உதவியது. பட்டியலோடு அதிகாரியிடம் போய், அச்சு வேண்டாம், திரும்ப எண்ணணும் என்றாள்.

"கடைசி நேரத்துல, உங்கப்பா ஒருத்தருக்காகவாம்மா?" என்றார் அதிகாரி.

"அவர் மட்டும்னா வாயை மூடிட்டுப் போயிருப்பேன் சார். இடமில்லாம வெளியூர் போன அத்தனை பேரையும் அடிச்சு வச்சிருக்கேன். தப்பு என்னோடது."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார்.

பழைய வருடங்களையும் சேர்த்து, ஊரைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து மறுபடி எண்ணினாள். எண் எகிறிவிட்டது. முடித்த அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா இருக்காரும்மா" என்றாள்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அன்னிக்கு அந்த இடுகாட்டுல எங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தையோட நின்னுச்சு. அதுவும் நம்ம ஊருதான். அது வீட்டுக்காரரு?"

"அவரும் இருக்காரும்மா."