தவிர்க்கச் சொன்ன சோதனை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ராத்திரியில்கூட இல்லை. பெங்களூரில், ஆயுத பூஜையன்று, பட்டப்பகலில் நடந்தது.

எங்கள் கம்பெனி லிஃப்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதுகிறது. நான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் கணினிகளுக்கெல்லாம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பூஜை போட்ட கணினியை அன்று யாரும் தொடமாட்டார்கள். என்னை மட்டும் மேனேஜர் உல்லாஸ் ஹெப்பார் விடவில்லை.

"கஸ்டமர்தான் நமக்குச் சாமுண்டி. இங்க உக்காந்தே பூஜை பண்ணு, ஸ்பூர்த்தி" என்று நக்கல் வேறு.

மறுநாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு மென்பொருளைக் கொடுக்க வேண்டும். அதற்குள் தானியங்கிச் சோதனைகளை நான் அமைத்து முடிக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நூற்றுக்கணக்கான சோதனைகளைக் கணினியே வரிசையாக ஓட்டிப் பார்த்துவிடும். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் சரக்கு வெளியே போகாது.

நாலாவது மாடியில் நானும், கண்ணாடி அறைக்குள் ஹெப்பாரும் மட்டும். மூன்று மணி இருக்கும். திரையை மறைத்த சாமந்தியை ஒதுக்கிவிட்டு ஓட்டினேன். எல்லாம் பச்சை... கடைசியில் ஒன்று சிவப்பு.

'லிஃப்ட் இல்லாத மாடியில் கதவு திறக்கக் கூடாது. எழுதியவர்: நாகவேணி.'

அப்படி ஒரு சோதனையை நான் சேர்க்கவே இல்லை. அந்தப் பெயரில் ஆபீசில் யாரும் இல்லை. போய்ச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் ஹெப்பார் முகம் வெளுத்தது. அதை மட்டும் ஓட்டாமல் தவிர்க்கிற மாதிரி அமைப்பை மாற்றச் சொன்னார். அவசரமென்றால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லுதான். மாற்றினேன்.

ஓட்டினேன். சிவப்பு. அதே சோதனை.

ஃபைலையே அழித்தேன். ஓட்டினேன். மறுபடியும் சிவப்பு. இந்த முறை ஒரு வரி கூடியிருந்தது.

'மாடி: 4.'

எங்கிருந்தோ... டக்... டக்... என்று இரும்பைத் தட்டும் சத்தம்.

ஹெப்பார் வந்து என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"செத்தும் தொலைய மாட்டியாடி நீ?"

என்னிடம் சொல்லவில்லை அவர். தன் கையாலேயே அழித்தார். ஓட்டினார். எல்லாம் பச்சை.

"பாத்தியா? அவ்வளவுதான். கெளம்பு."

போனைப் பார்த்தபடியே லிஃப்ட் பக்கம் போனார். தட்டும் சத்தம் நின்றது.

கறகறவென்று... கதவு நகர்ந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. நான் எதையும் தொடவில்லை.

"சார்... ஏறாதீங்க..."

காலை வைத்துவிட்டார்.

அவர் கத்தக்கூட இல்லை. கீழே விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகுதான் உடன் வேலை பார்க்கும் குசுமா சொன்னாள். நாகவேணி எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள். இந்தச் சோதனை தோற்கிறது, யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஹெப்பாரோடு சண்டை போட்டிருக்கிறாள். அவர் அதைத் தவிர்த்துவிட்டுச் சரக்கை அனுப்பிவிட்டார். மைசூரில் ஒரு கட்டிடத்துக்குக் குறையை நேரில் காட்டப் போனவள், திறந்த கதவுக்குள் விழுந்து செத்தாள். அவள் ஒழுங்காகச் சோதிக்காததுதான் காரணம் என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டாராம் இந்த மனிதர். கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்சப் பரிதாபமும் போய்விட்டது. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

ஆனால் தூக்கம் போனது வேறு ஒன்றால்.

பூஜை முடிந்த கையோடு, லிஃப்டுக்கும் இன்றைக்கு ஓய்வு என்று வாட்ச்மேன் மல்லேசப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டிருந்தார். லிஃப்டுக்கு மட்டும் கரண்டே இல்லை. அப்புறம் கதவு எப்படித் திறந்தது என்று போலீஸ் லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டது. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம் என்றான். அந்தச் சாவியோ மல்லேசப்பாவின் இடுப்பிலேயே இருந்தது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டார்கள். மெக்கானிக் கதவின் உள்பக்கக் கொக்கியை எட்டிப் பார்த்தான்.

"இருக்கு சார். உள்ள, அந்தக் குழிக்குள்ள நிக்கிற ஆளு கையால கொக்கியத் தூக்கணும்."