பாட்டில் ஒரு காலி இடம்

இறால் தடவும் வேலையில் வாய்க்கு ஓய்வில்லை, பேச்சுக்குத்தான் ஓய்வு. ஓலையில் முடைந்த சின்னக் கூடை ஒன்று உண்டு, பறி என்போம். அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் குந்தியபடியே நகர வேண்டும். இரண்டு கைகளும் சேற்றில் இருக்கும். அகப்பட்ட இறாலை மோவாய்க்குக் கீழே தொங்கும் பறியில் போட்டுவிட்டு, கை மறுபடி சேற்றுக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் பறியும் போச்சு, அதிலிருக்கும் இறாலும் போச்சு. என் வாயை அடைக்க உலகத்தில் பறி ஒன்றால்தான் முடியும் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. அவர் கருத்தை யார் கேட்டார்கள்?

எங்களுக்குப் பாட்டுப் பைத்தியம் முற்றியதற்கு இந்தப் பறியும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். காலையில் ஒரு புதுப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், வற்றிய தண்ணீர் மறுபடி ஏறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. மனசுக்குள்ளேயே அது ஊறும். கரையேறி, பறியை வாயிலிருந்து எடுத்த அடுத்த நிமிடம் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிப்போம். இறாலைக் கொட்டுவதெல்லாம் அப்புறம்தான்.

மூன்று பேர் என்றால் நான், என் ஓரகத்தி, எங்கள் அண்ணி. அண்ணி என் பெரிய அண்ணனுக்கு வாக்கப்பட்டு காட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பாட்டெல்லாம் அவள் போனில்தான் இருக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் போனில் முதலில் சாவது ஸ்பீக்கர். அண்ணியின் போனும் ஊமையாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் ஒரே ஒரு ஹெட்செட்டை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு கேட்போம். ஒருத்தி கேட்கும்போது மற்ற இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அதுவும் ஒரு சினிமாதான்.

போன வருஷம் ஒரு படம் வந்தது. படம் எப்படியோ போகட்டும், பாட்டெல்லாம் ஒன்றையொன்று தூக்கிச் சாப்பிட்டன. ஓரகத்திக்கு மேளம் அடிக்கிற பாட்டுதான் பிடிக்கும். "இடுப்பு தானா ஆடணும்க்கா. ஆடலேன்னா அது இன்னா பாட்டு?" என்பாள். எனக்கு அழவைக்கிற பாட்டு. நாலு வயலின் சேர்ந்து இழுத்தால் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அழவைக்காத பாட்டை நான் பாட்டிலேயே சேர்ப்பதில்லை. அந்தப் படத்தில் அம்மாவைப் பிரிகிற இடத்தில் வார்த்தையே இல்லாமல் வெறும் இசை மட்டும் வரும். அதை அண்ணி போனில் தனியாகப் பிடித்து வைத்திருந்தாள், எனக்காகவே.

அண்ணி எங்கள் மாதிரி இல்லை. கருவாட்டை முகர்ந்து பார்த்து வாங்குகிறவள் மாதிரி, ஒரு பாட்டை இரண்டு மூன்று நாள் பேசாமல் கேட்பாள். பிறகு ஒரு வார்த்தை சொல்வாள். நானும் ஓரகத்தியும் தொண்டை வற்றக் கத்தி முடித்தபின் அந்த ஒரு வார்த்தைதான் நிற்கும். எனக்கு அதில் எரிச்சல் உண்டு. ஆனாலும் புதுப் பாட்டு வந்தால் அண்ணி என்ன சொல்லப் போகிறாள் என்பதற்குத்தான் காத்திருப்பேன்.

அந்தப் படத்தில் அண்ணிக்குப் பிடித்தது படகுப் பாட்டு. அவன் அவளிடம் வருவாயா என்று கேட்கிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"அவன் கேட்டுட்டு சும்மா நிக்கிறான் பாரு. அப்பால கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. தபேலா மட்டும் டிக்கு டிக்குனு போவுது. அந்தக் காலி எடம் கீது பாரு, அதான் பாட்டு" என்றாள் அண்ணி. வாயிலிருந்து எடுத்த பறியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள்.

நானும் ஓரகத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னா அண்ணி காலி எடம்? அங்கதான் புல்லாங்குழல் வருதே" என்றேன்.

"ஏது புல்லாங்குழல்?"

"அவ சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் குழல்தானே சொல்லுது. பாட்டுலயே அதான் சோக்கா கீது."

அண்ணி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மறுபடி கேட்டாள். "இல்ல" என்றாள். நான் அதைப் பிடுங்கி என் காதில் வைத்துக் கேட்டேன். குழல் இருந்தது. ஓரகத்தி கேட்டாள். இருந்தது. அண்ணி திரும்பக் கேட்டாள். இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணெதிரே நிற்கிற படகை இல்லையென்று சாதித்தால் யாருக்குத்தான் வராது. "உன்னாண்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு" என்றேன். ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் ஹெட்செட்டைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அண்ணி பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். கேட்டால் "நல்லாதான் கீது" என்பாள். நல்லாதான் கீது என்பது அண்ணியின் வார்த்தையே இல்லை. ஊரில் எவள் வேண்டுமானாலும் அதைச் சொல்வாள். நானும் ஓரகத்தியும் கரையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கத்தினோம். கத்தி முடித்தபின் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் பேச்சு உப்பில்லாத குழம்பாக இருந்தது. அண்ணி ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து நாஸ்தாவைத் தின்றுவிட்டு எழுந்து போவாள்.

ஒரு நாள் பழவேற்காடு கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வரும்போது, தானாகவே சொன்னாள்.

"ஹெட்செட்டை மாத்திப் போட்டுப் பாத்தேன்மே. இந்தக் காதுல போட்டது அந்தக் காதுல. அப்ப குழல் வந்துச்சு. ஆனா அவன் குரல் சின்னதாப் பூட்ச்சு, தபேலாவைக் காணோம்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரமானது. புரிந்ததும் நடுவழியில் நின்றுவிட்டேன்.

"எந்தக் காது கேக்கல அண்ணி?"

"கேக்காம இன்னா. தண்ணி நிக்குது, அவ்ளோதான். வடிஞ்சிடும்."

வலது காதைத் தட்டிக் காட்டினாள். எங்கள் எல்லோருக்கும் அதுதான் தண்ணீர் ஏறும் காது. வலது கையைத் தோள்வரை விட்டுச் சேற்றில் துழாவும்போது தலை அந்தப் பக்கம் சாய்ந்து காது முங்கும். கரையேறி ஒற்றைக் காலில் குதிப்போம். சூடான மணலைத் துணியில் முடிந்து காதில் ஒத்துவோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ பொளக்கென்று திறந்துகொள்ளும். காது கேட்கவில்லை என்று எங்கள் ஊரில் ஏரிக்குப் போகிற எவளும் பயப்பட மாட்டாள். தண்ணி நிக்குது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

"எப்பலேர்ந்து நிக்குது?"

அண்ணி யோசித்தாள். "நம்ம கடைக்குட்டி பொறந்த வருசம் மழைக்கு."

அண்ணனின் கடைக்குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அத்தனை வருஷம் நிற்கிற தண்ணீர் எந்த ஊரில் இருக்கிறது? எனக்கு வந்த கோபத்தில் அவளை நடுத்தெருவிலேயே திட்டினேன். திட்டிக்கொண்டே மறுநாள் பொன்னேரிக்குப் பஸ் ஏற்றினேன்.

காது டாக்டர் ஒரு பெண். விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "தண்ணி எதுவும் இல்லம்மா. சவ்வு கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு, உள்ளேயும் பாதிச்சிருக்கு. இந்தக் காதுல இனிமே பெருசா எதிர்பார்க்க முடியாது. இடது காது நல்லா இருக்கு, அதைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்றார். வேலைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். இரண்டு காதிலும் எண்ணெய் தோய்த்த பஞ்சு வைத்து, தலை முங்காமல் பார்த்துக்கொண்டால் போகலாம் என்றார். முட்டளவுத் தண்ணீரில் நண்டு பிடிக்கலாம், அதற்குத் தலை சாய வேண்டியதில்லை என்று நான் அப்போதே மனசில் கணக்குப் போட்டுவிட்டேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

அண்ணிக்கு இறங்கவில்லை. வேலையைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தபின் கேட்டாள்.

"அப்ப நான் கேட்ட பாட்டெல்லாம் பாதியா?"

பாதிதான். அண்ணி விடவில்லை. "நான் நல்லா கீதுன்னு சொன்னது, நல்லால்லன்னு சொன்னது, எல்லாம் பாதியைக் கேட்டுட்டு சொன்னதா? நீங்க ரெண்டு பேரும் அதைக் கேட்டுட்டு வேற குந்தினு இருந்தீங்களே."

"இன்னா அண்ணி, அதுக்கு இப்ப இன்னா?"

"பாட்ட வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்மே?" என்றாள். முந்தானையை அவிழ்த்து ஹெட்செட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "நீ வச்சுக்க. எனக்கு வேணாம்."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. அழுதிருந்தால்கூட நானும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவள் கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டு எதிரே இருந்த மொபைல் கடைக்குள் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் போனேன்.

"ஒரே காதுல முழுப் பாட்டும் வர்ற மாதிரி ஹெட்செட் எதுனா கீதா?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. "அதுக்குப் புதுசு எதுக்குக்கா? உங்க போன்லயே இருக்கு" என்று வாங்கி, உள்ளே உள்ளே போய், எங்கேயோ ஒரு பொத்தானைத் தள்ளினார். பாட்டில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வருவது இனி இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்றார். ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டேன். தபேலா, குரல், குழல், எல்லாம் ஒரே காதில் வந்து நின்றன. திரும்ப மாற்றுவது எப்படி என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் வேறெதுவும் விற்கப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கட்டும்.

பஸ்ஸில் அண்ணிக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வேண்டாம் என்று தட்டிவிட்டவளின் இடது காதில் நானே மாட்டினேன். படகுப் பாட்டு ஓடியது. அவன் கேட்கிற இடம் வந்ததும் அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. வண்டி பழவேற்காட்டு ரோட்டுக்குத் திரும்பும்வரை விடவில்லை. பாட்டு முடிந்ததும் அவளே மறுபடி முதலிலிருந்து வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டு முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள்.

"குழல் கீது" என்றாள்.

"நாந்தான் சொன்னேனே."

"நல்லாவும் கீது. ஆனா மியூசிக் போட்டவன் அவசரப்பட்டுட்டான். அவன் கேட்டு முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு உட்டிருக்கணும். காலி எடத்துலதான் பாட்டு இருந்துச்சு."

எனக்குச் சுறுக்கென்று வந்தது. முழுப் பாட்டையும் கேட்டபிறகும் இப்படி ஒரு வீம்பா? போனைப் பிடுங்கி, கடைக்காரர் காட்டிய பொத்தானைத் திரும்பப் பழையபடி தள்ளினேன். இடது பக்கத்தை மட்டும் என் காதில் வைத்து, மற்றதை மடியில் போட்டேன். பஸ் இரைச்சலுக்காக இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டேன். அவன் வருவாயா என்று கேட்டான். அதன்பின் ஒன்றும் இல்லை. தபேலா மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான். குழல் சமாதானம் சொல்ல வராததால் அவள் என்ன சொல்வாளோ என்று எனக்கே பயமாக இருந்தது. வயலின் எதுவும் இழுக்காமலே கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் அண்ணி கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அவள் சொன்னது சரி. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லவும் தேவைப்படவில்லை. என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையை நீட்டினாள்.

"போதும், குடு. கடைக்காரரு வச்ச மாதிரி வச்சிக் குடு. எல்லாப் பாட்டையும் முதல்லேர்ந்து கேக்கணும், எவ்ளோ கீது."