அந்த வெள்ளிக்கிழமையின் நவமி

“பங்குனி, இரண்டாவது புதன். முதுநிலை ஆய்வாளர் பதவிக்கான மதிப்பீடு. தரவு எடுக்கும் திறன்: நன்று. வரைபடங்கள்: மிக நன்று. முடிவுகளின் நம்பகத்தன்மை: குழுவின் தேதி அட்டவணையை விட்டு விலகியதால் கணிப்பில் தவறு. பரிந்துரை: அடுத்த சுற்றில் பார்க்கலாம்.”

இதை எழுதியவன் நான். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல என் நாட்குறிப்பில் தமிழில் படியெடுத்து வைத்தேன். பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், எங்கள் செவிலிமேட்டு டவுன் பஸ் தடம் மாறிய நாள், கோயில் குடை வெளியே வந்த நாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதையும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் எழுதினேன். எழுதும்போது கை தயங்கவில்லை. இப்போது உறுத்துவது அதுதான்.

நான் தரவு ஆய்வாளன். கடைகள் தரும் பில் விவரங்களை வைத்து, எந்த நாளில் எவ்வளவு கூட்டம் வரும், எத்தனை விற்பனையாளர்களை நிறுத்த வேண்டும் என்று சொல்வது எங்கள் குழுவின் வேலை. அலுவலகம் சென்னைப் பக்கம். காலையில் மூங்கில் மண்டபத்தருகே கம்பெனி பஸ் வரும். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று, பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பட்டுக் கடை. அதன் ஒரு கிளை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், எக்செல்லில் நாலு சூத்திரம் போடத் தெரிந்தவனுக்கு ஆய்வாளன் என்று பெயர். பிறகு எஸ்.க்யூ.எல். கேட்டார்கள், பைத்தான் கேட்டார்கள், டேஷ்போர்டு கேட்டார்கள். ஒவ்வொன்றையும் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இப்போது என்ன வேண்டுமென்று சொன்னால் எந்திரமே நிரலை எழுதித் தந்துவிடுகிறது. அதனால் எதிர்பார்ப்பு வேறு பக்கம் திரும்பிவிட்டது: வந்த விடை சரிதானா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். போன வருடம் மேலாளர், பதவிப் படிகள் ஒவ்வொன்றுக்கும் என்னென்ன திறன் தேவை என்று என்னையே எழுதச் சொன்னார். முதல் படி, தரவை எடுத்துச் சுத்தம் செய்பவர். இரண்டாவது, கேட்ட கேள்விக்கு விடை சொல்பவர். மூன்றாவதான முதுநிலைப் படிக்கு நான் எழுதிய வாக்கியம் இது: “கையில் கொடுக்கப்பட்டதன் அடிப்படையையே கேள்வி கேட்பவர்.” மேலாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

என்னை அந்த மூன்றாம் படிக்கு ஏற்றியது ஒரு தேதி அட்டவணை. கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் நாள் பார்த்துத்தான் வருவார்கள். அஷ்டமி, நவமியில் முகூர்த்தப் புடவையைத் தொடமாட்டார்கள். ஆடியில் வேடிக்கை பார்ப்பார்கள், ஆவணியில் எடுப்பார்கள். ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்துக் கணித்தால் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் பிடிபடாது. நான் ஒவ்வொரு தேதிக்கும் திதியும் மாதமும் சேர்த்து ஓர் அட்டவணை செய்தேன். கணிப்பு கண்ணுக்குத் தெரிய மேம்பட்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் யாருக்கு நாள் சந்தேகம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

பஞ்சாங்கம் இரண்டு வகை. பழைய வாய்பாடுகளின்படி கணிப்பது வாக்கியம். வானத்தில் நிலவு உண்மையில் இருக்கும் இடத்துக்கு ஒத்துப்போகும்படி திருத்தியது திருக்கணிதம். இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரலாம். அதனால் எப்போதாவது ஒரு நவமி, ஒன்றில் காலையிலேயே முடிந்திருக்கும், மற்றதில் சாயங்காலம் வரை நீளும். வானியல் பற்றிக் கொஞ்சம் படித்தவன் என்ற எண்ணத்தில் நான் திருக்கணிதத்தை எடுத்துக்கொண்டேன். சரியானதைத்தானே எடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

நான் மதிப்பீடு எழுதிய பெண் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து அதே பஸ்ஸில் ஏறுவாள். எங்கள் குழுவில் இரண்டாம் படியில் நான்கு வருடமாக இருந்தாள். வேலையில் சுறுசுறுப்பு, வாயிலும்தான். பஸ்ஸில் நான் அவளுக்கு அண்ணா; அலுவலக வாசலைத் தாண்டினால் சார். அவளுக்கு முதுநிலைப் பதவி ஏன் வேண்டும் என்பது பஸ் முழுவதற்கும் தெரியும். அந்தப் படியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி. அவளுடைய மகள் ஒன்றாம் வகுப்பு.

“நான் கெளம்பும்போதும் தூங்கிக்கினு இருக்குது, ஊட்டுக்குப் போவும்போதும் தூங்கிக்கினு இருக்குது. ஞாயித்துக்கெழம முழிச்சா யார்ரா இந்தம்மான்னு பாக்குதுண்ணா,” என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மாசி மாதத்தில், பட்டுக் கடையின் வரப்போகும் மாதங்களுக்கான கணிப்பை அவளிடம் தனியாக ஒப்படைத்தார் மேலாளர். மதிப்பீட்டுக்கான வேலை அதுதான். இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

“அண்ணா, உங்க டேபிள்ல ஒண்ணு இடிக்குது.”

“எதும்மா?”

“பங்குனில ஒரு வெள்ளிக்கெழம. நீங்க நல்ல நாளுன்னு போட்டுக்கிறீங்க. எங்க ஊட்டுக் காலண்டர்ல அன்னிக்கு பூரா நவமி. இன்னொரு ஞாயித்துக்கெழம அப்படியே உல்டாவா இருக்குது.”

நான் இரண்டு பஞ்சாங்க விவரத்தையும், ஏன் திருக்கணிதம் துல்லியமானது என்பதையும் சொன்னேன். வழியில் வெள்ளை கேட் நிறுத்தம் தாண்டும் வரை சொன்னேன் என்று நினைக்கிறேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரிண்ணா, உங்களுது ராக்கெட் வுடற பஞ்சாங்கம். ஆனா பொடவ எடுக்க வர்றவங்க ராக்கெட்லயா வர்றாங்க? மளிகைக் கடையில ஓசில குடுத்த காலண்டர கிழிச்சிப் பாத்துட்டுத்தான வர்றாங்க? அதுல வாக்கியம்தான இருக்குது?”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். “பார்க்கலாம்மா,” என்றேன். எங்கள் ஊரில் ‘பார்க்கலாம்’ என்பது, இனி இந்தப் பேச்சை எடுக்காதே என்பதற்கும் பயன்படும். அவளுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவள் பார்க்கத்தான் செய்தாள். தினசரிக் காலண்டரை வைத்துத் தனியாக ஓர் அட்டவணை செய்து, அதன்படி கணிப்பைக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நியாயமான பெயர் ஒன்று இருந்தது: ஒரு குழுவில் எல்லாரும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கொரு அட்டவணை இருந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது. இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த வரியை எழுதியபோது என் மனதில் அந்த நியாயம் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய அட்டவணையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ‘விலகல்’ என்று எழுதியிருந்தால் போதும். ‘தவறு’ என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை அப்போது இன்னும் வரவே இல்லை.

மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர், நான், அவள் மூவரும் இருந்தோம். மேலாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர், பஞ்சாங்கம் என்றால் எங்களிடம் விட்டுவிடுவார். குழுவின் அட்டவணையை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். அவள் பஸ்ஸில் சொன்னதையே ஆங்கிலத்தில், ராக்கெட் இல்லாமல், ஒழுங்காகச் சொன்னாள். பிறகு, “சார்கிட்ட முன்னாடியே சொன்னேன்,” என்றாள்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா? உங்ககிட்ட ரெய்ஸ் பண்ணாங்களா?”

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். என் வாய்க்கு வந்தது வேறு. “பஸ்ல பேச்சுவாக்குல ஏதோ சொன்னாங்க. முறையா எழுதி எதுவும் வரலை.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எழுதி வரவில்லைதான். பஸ்ஸில் பேசுவதை மறுபடி எழுத்தில் அனுப்பும் வழக்கம் எங்கள் இருவருக்கும் இடையில் ஒருநாளும் இருந்ததில்லை. பஸ்ஸில்தான் நான் அவளுக்கு எஸ்.க்யூ.எல். சொல்லிக் கொடுத்தேன், அவள் எனக்கு டேஷ்போர்டில் நிறம் தேர்வு செய்யச் சொல்லிக் கொடுத்தாள். பாதி வேலை அங்கேதான் நடக்கும். அவள் மேசையைப் பார்த்தபடி, “எழுதிப் போட்டிருக்கணும் சார், என் தப்புதான்,” என்றாள். மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார். பதவி கிடைக்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் வேறு இடம் இருந்தும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். நான்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். 

“இன்னா சார், காத்து வாங்குறீங்களா?”

பஸ்ஸில் அவள் என்னை சார் என்று அழைத்தது அதுதான் முதல் முறை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே போய் நின்றேன். கூட்டம் சுமார்தான். அப்படியென்றால் அவள் சொன்ன நவமிதான் சரி என்று மனம் தாவியது. உள்ளே போய்க் கேட்டேன். மேல்தளத்தில், கல்யாணப் பட்டு விற்கும் இடத்தில், தரைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், மேல ஏறவே முடியாது,” என்றார் விற்பனையாளர். வந்ததற்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவள் சொன்ன மற்றொரு நாளில், ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போனேன். நிற்க இடமில்லை. ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமையில் இங்கே நிற்க இடம் இருந்திருக்கிறது? மற்றக் கிளைகளின் தரவை அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கிளையில் அவள் கணிப்பு நெருங்கி வந்தது, ஒரு கிளையில் என்னுடையது. இரண்டு நாட்களை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

ஆகவே ‘தவறு’ என்று நான் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சித்திரையில் மேலாளருக்கு எழுதினேன். என் குறிப்பைத் திரும்பப் பெறுவதாகவும், அவள் என்னிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்ததாகவும், நான் எழுதிய திறன் வரையறையின்படி அவள் செய்ததுதான் முதுநிலை வேலை என்றும் எழுதினேன். அவர் மறுநாளே கூப்பிட்டார். 

“நீங்க சொல்றது புரியுது. ஆனா இந்த ரிவ்யூ சைக்கிள் குளோஸ் ஆயிடுச்சே. அடுத்த ரிவ்யூல இதைச் சேர்த்து வெச்சுக்கலாம்.”

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“முன்னாடியே சொல்லிருக்கலாம்ணா,” என்றாள். அண்ணா திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை. “நான் நேத்தே பேப்பர் போட்டுட்டேன்.”

“எங்க போறம்மா?”

“ஒரு எடத்துல,” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ராஜினாமாவுக்குப் பிந்தைய நாட்களில் தன் அட்டவணையை எப்படிப் புதுப்பிப்பது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். கடைசி வேலை நாளில் குழுவில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தாள்; எனக்கும் கொடுத்தாள். வைகாசி முடியும் முன் பஸ்ஸில் அவள் இருக்கை காலியானது. இப்போது எங்கள் கணிப்பில் இரண்டு பஞ்சாங்கங்களும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கின்றன. எது மக்களின் நாளுக்கு நெருக்கம் என்று சொல்ல, இன்னும் ஒரு வருடத் தரவாவது வேண்டும்.

போன வாரம் பஸ் டிரைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஐயம்பேட்ட அம்மாவப் பாத்தேன்பா, பாப்பாவ ஸ்கூல்ல வுட வந்திருந்துச்சு. வேற கம்பெனில சீனியராம். ஊட்ல இருந்தே வேலையாம்.” அவளே சொன்னாளா என்று கேட்டேன். “இல்லப்பா, கூட நின்னவங்க பேசிக்கினாங்க,” என்றார்.

வேலை செய்கிறவர்கள் தங்களைப் பற்றி எழுதிவைக்கும் வலைத்தளத்தில் அவள் பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் அலுவலகமும் பழைய பதவியும்தான் இருக்கின்றன. பலர் பல மாதங்கள் அதை மாற்றுவதில்லை என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது, இதுவரை கூப்பிடவில்லை. அவளுக்கு முதுநிலைப் பதவி கிடைத்தது என்ற செய்தியை, சரிபார்க்கப்படாதது என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்து, நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.